பெரிய அமெரிக்க சொகுசு செடான் கார்கள்: எஞ்சின் வலு முதல் மாற்றியமைப்பு வரை – ஒரு முழு விளக்கம்

அமெரிக்காவில் 1950-களிலிருந்து 1970-களின் இறுதிவரை தயாரிக்கப்பட்ட பெரிய சொகுசு செடான் கார்கள் இரண்டு டன்னுக்கும் அதிகமான எடையும், ஐந்தரை மீட்டர் அளவிலான நீளமும் கொண்டவை. கேடிலாக், லிங்கன், இம்பீரியல், பியூக் எனப் பல பெயர்களில் வெளிவந்த இக்கார்களை 'நிலத்தில் ஓடும் படகு' என்று அந்நாட்டவர் செல்லமாக அழைப்பதுண்டு.

இவற்றில் கணிசமானவை இன்றும் ஓடுகின்றன. ஆனால், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அதே நிலையில் எல்லாக் கார்களும் ஓடவில்லை. சிலவற்றில் பிரேக் மாறியிருக்கிறது. சிலவற்றில் எஞ்சினே மாறியிருக்கிறது. வேறு சில, சாலையை உரசும் அளவுக்குத் தாழ்த்தப்பட்டிருக்கின்றன. இந்த மாற்றங்கள் ஏன் செய்யப்படுகின்றன, எவை பாதுகாப்பானவை, எவை ஆபத்தானவை, சட்டம் என்ன சொல்கிறது என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

வலு எங்கிருந்து வந்தது?

இக்கார்களின் வரலாற்றில் 1949 முக்கியமான ஆண்டு. அவ்வாண்டு கேடிலாக் நிறுவனம் வால்வுகள் சிலிண்டர்களுக்கு மேலே அமைந்த புதிய வி-8 எஞ்சினை அறிமுகப்படுத்தியது. 331 கன அங்குலம், அதாவது 5.4 லிட்டர் கொள்ளளவு கொண்ட அந்த எஞ்சின் 160 குதிரைத்திறனை அளித்தது. முந்தைய எஞ்சினைவிட எடை குறைவாகவும் வலு கூடுதலாகவும் இருந்ததால் போட்டி நிறுவனங்களும் அதே பாதையில் செல்ல நேர்ந்தது.

அடுத்த இருபது ஆண்டுகள் எண்களின் போட்டியாகவே கழிந்தன. 1955-இல் கிறைஸ்லர் நிறுவனம் 300 குதிரைத்திறன் கொண்ட காரை வெளியிட்டு, அந்த எண்ணையே காரின் பெயராகவும் சூட்டியது. 1959-இல் உயர்ந்த வால் சிறகுகளுடன் வந்த கேடிலாக்கின் 390 கன அங்குல எஞ்சின் 325 குதிரைத்திறனை அளித்தது. 1968-இல் அது 472 கன அங்குலமாகவும் 375 குதிரைத்திறனாகவும் உயர்ந்தது. 1970-இல் கேடிலாக் எல்டோராடோ காரில் 500 கன அங்குல எஞ்சின் பொருத்தப்பட்டது. 8.2 லிட்டர் கொள்ளளவுள்ள அந்த எஞ்சினுக்கு அறிவிக்கப்பட்ட வலு 400 குதிரைத்திறன்.

இந்த எஞ்சின்கள் பந்தயத்துக்காக உருவாக்கப்பட்டவை அல்ல. குறைந்த சுழற்சியிலேயே அதிக முறுக்குவிசையைத் தந்து, கனமான காரைச் சத்தமின்றி நகர்த்துவதே அவற்றின் நோக்கம். எனவே, வலு அதிகமாக இருந்தும் அவை அவசரம் காட்டுவதில்லை. மாற்றியமைப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய இயல்பு இது.

பந்தயக் களத்தில் சொகுசு கார்

சொகுசு காரைப் பந்தயத்தில் ஓட்ட முடியுமா என்ற கேள்விக்கு 1950-ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயம் விடையளித்தது. அமெரிக்க வீரர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் அப்பந்தயத்துக்கு இரண்டு கேடிலாக் கார்களைக் கொண்டு சென்றார். ஒன்று, விற்பனைக்கு வந்த வடிவத்தில் பெரிய மாற்றமின்றி இருந்தது. மற்றொன்றின் மேற்கூடு முழுவதும் நீக்கப்பட்டு, காற்றின் எதிர்ப்பைக் குறைக்கும் தட்டையான உலோக உடல் பொருத்தப்பட்டிருந்தது. அதன் தோற்றத்தைக் கண்ட பிரெஞ்சு ரசிகர்கள் அதற்கு 'அரக்கன்' என்று பொருள்படும் 'லெ மான்ஸ்த்ர்' என்ற பெயரைச் சூட்டினர்.

முடிவு சற்று வியப்பானது. அதிக மாற்றம் செய்யப்படாத கார் 10-ஆவது இடத்தையும், மாற்றியமைக்கப்பட்ட கார் 11-ஆவது இடத்தையும் பெற்றன. மாற்றியமைக்கப்பட்ட கார் தொடக்கத்திலேயே மணலில் சிக்கி நேரத்தை இழந்தது. அதே பந்தயத்தில் கேடிலாக் எஞ்சின் பொருத்தப்பட்ட பிரிட்டனின் ஆலார்ட் பந்தயக் கார் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. சொகுசு காரின் எஞ்சினை எடுத்து இலகுவான காரில் வைத்தால் என்ன நிகழும் என்பதை உலகம் அன்று கண்டது.

எண்கள் சரிந்தது ஏன்?

பழைய அமெரிக்கக் கார்களின் விவரக்குறிப்பைப் படிப்பவர்களை அடிக்கடி குழப்பும் இடம் 1971-72. 1971-இல் எல்டோராடோவின் 500 கன அங்குல எஞ்சினுக்கு 365 குதிரைத்திறன் எனக் குறிக்கப்பட்டது. 1972-இல் அதே எஞ்சினுக்கு 235 குதிரைத்திறன் என்று குறிக்கப்பட்டது. ஓராண்டில் 130 குதிரைத்திறன் மாயமானதாகத் தோன்றும்.

உண்மையில் பெருமளவு மாறியது அளவிடும் முறைதான். அதுவரை எஞ்சினைத் தனியாக மேடையில் வைத்து, காற்று வடிகட்டி, சைலன்சர், மின்னாக்கி போன்ற துணைக் கருவிகளின் சுமையின்றி அளந்தனர். இது 'மொத்தத் திறன்' எனப்பட்டது. 1972 முதல் காரில் இருக்கும் நிலையிலேயே, எல்லாக் கருவிகளுடனும் அளக்கும் 'நிகரத் திறன்' முறை நடைமுறைக்கு வந்தது. ஆகவே, 1970-ஆம் ஆண்டுக் காரின் 400 குதிரைத்திறனை இன்றைய காரின் எண்ணுடன் நேரடியாக ஒப்பிடுவது தவறாகும்.

அதே வேளையில் உண்மையான சரிவும் இருந்தது. 1970-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகைக் கட்டுப்பாட்டைக் கடுமையாக்கியது. ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்ப எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைக்கப்பட்டது. 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்தது. 1975-ஆம் ஆண்டு மாடல்களில் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றிகள் பரவலாக இடம்பெற்றன. அவ்வாண்டில் கேடிலாக்கின் 8.2 லிட்டர் எஞ்சின் அளித்த நிகரத் திறன் 190 மட்டுமே.

1977-இல் கேடிலாக் தன் பெரிய கார்களைச் சுருக்கி, எடையை ஏறக்குறைய 400 கிலோ குறைத்தது. 1980-களின் தொடக்கம் இன்னும் சோதனையானது. 1981-இல் வந்த எஞ்சின், தேவைக்கேற்ப எட்டு, ஆறு, நான்கு சிலிண்டர்களில் மாறி மாறி இயங்க வேண்டும் என்பது திட்டம். அக்காலத்துக் கணினிக் கட்டுப்பாடு அதற்கு ஈடுகொடுக்கவில்லை. தொல்லை தாங்காத பலர் அவ்வசதியின் மின் இணைப்பைத் துண்டித்து, எப்போதும் எட்டு சிலிண்டர்களிலேயே ஓட்டினர். அதேபோல், அக்காலத்தில் பொருத்தப்பட்ட 5.7 லிட்டர் டீசல் எஞ்சின்கள் பழுதடைந்தபோது, அவற்றைக் கழற்றிவிட்டுப் பெட்ரோல் எஞ்சின் வைத்துக்கொண்டவர்களும் பலர். வேகத்துக்காக மட்டுமன்றி, காரை ஓடும் நிலையில் வைத்திருக்கவும் மாற்றியமைப்பு தேவைப்பட்டது என்பதற்கு இவை சான்று.

முதலில் எதை மாற்ற வேண்டும்?

எஞ்சின் வலுவைக் கூட்டுவதற்கு முன்பு பிரேக்கைக் கவனிக்க வேண்டும். இது விருப்பம் சார்ந்த விஷயம் அல்ல, இயற்பியல் சார்ந்தது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் 140 கி.மீ. வேகத்தை எட்டும்போது அதன் ஆற்றல் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அவ்வளவையும் வெப்பமாக மாற்றி வெளியேற்ற வேண்டிய பொறுப்பு பிரேக்கைச் சேர்ந்தது.

1950-களின் கார்களில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் இருந்தது. ஒரு முறை வலுவாக மிதித்தால் அது நன்றாகவே நிற்கும். தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறி விரிவடையும், பிடிமானம் தளரும். மலைப்பாதையில் இறங்கும் இரண்டு டன் காரில் இது உயிருக்கு ஆபத்தாகும். 1965-ஆம் ஆண்டு மாடலில் லிங்கன் கான்டினென்டல் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கை அடிப்படை வசதியாகவே வழங்கியது இதனால்தான்.

மற்றோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பழைய கார்கள் பலவற்றில் பிரேக் எண்ணெய் ஒரே பாதையில் நான்கு சக்கரங்களுக்கும் செல்கிறது. ஒரு குழாய் வெடித்தால் நான்கு பிரேக்குகளும் ஒருசேரச் செயலிழக்கும். முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனிப் பாதை கொண்ட இரட்டை மாஸ்டர் சிலிண்டரை கேடிலாக் 1962-இலேயே கொண்டுவந்தது. அதற்கு முந்தைய காரை வாங்குபவர்கள் செய்யும் முதல் மாற்றம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கிறது. செலவு குறைவு, பயன் பெரிது.

பாதுகாப்பு அடிப்படையில் பார்த்தால், மாற்றங்களுக்கு ஏற்ற வரிசை வருமாறு:

• இரட்டைப் பாதை மாஸ்டர் சிலிண்டர், புதிய பிரேக் குழாய்கள், முன்சக்கர டிஸ்க் பிரேக்
• ரேடியல் டயர்கள், புதிய ஷாக் அப்சார்பர்கள், ஸ்டீயரிங் இணைப்புகளைச் சரிசெய்தல்
• மூன்று முனை சீட் பெல்ட்
• குளிர்விப்பு அமைப்பு, மின் கம்பிகள், எரிபொருள் குழாய்கள்
• இவையனைத்துக்கும் பின்னரே எஞ்சினும் கியர்பாக்ஸும்

எஞ்சின்: இரு வழிகள்

வலுவைக் கூட்ட விரும்புவோர் முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, காருடன் வந்த எஞ்சினையே மேம்படுத்துவது. மற்றொன்று, நவீன எஞ்சினைப் பொருத்துவது.

முதல் வழியில் உதிரிபாகங்கள் கிடைப்பதே முக்கியம். இதில் எல்லாக் கார்களும் சமமல்ல. இம்பீரியல் காரின் 440 கன அங்குல எஞ்சின், அதே நிறுவனத்தின் புகழ்பெற்ற வேகக் கார்களிலும் இடம்பெற்றது. லிங்கனின் 460 கன அங்குல எஞ்சின், ஃபோர்டு சரக்கு வாகனங்களில் 1990-களிலும் தொடர்ந்தது. எனவே, இவ்விரண்டுக்கும் மேம்பட்ட கேம்ஷாஃப்ட், பிஸ்டன், உள்ளிழுகுழாய் ஆகியவை எளிதில் கிடைக்கின்றன. கேடிலாக்கின் எஞ்சின் அந்நிறுவனத்துக்கே உரியது என்பதால் தேர்வுகள் குறைவு.

ஆயினும், கேடிலாக் பிரியர்களிடையே நன்கு அறியப்பட்ட ஓர் எளிய வழி உண்டு. 1970-களின் நடுப்பகுதி எஞ்சினில், 1968 முதல் 1970 வரை வந்த 472 கன அங்குல எஞ்சினின் சிலிண்டர் தலைகளைப் பொருத்துகின்றனர். அவற்றின் எரியறை சிறியது. ஆதலால் அழுத்த விகிதம் உயர்ந்து, புகைக் கட்டுப்பாட்டின்போது இழந்த வலுவில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது. ஆனால், ஆக்டேன் குறைந்த பெட்ரோலை ஊற்றினால் எஞ்சின் தட்டத் தொடங்கும். நாளடைவில் பிஸ்டனே சேதமடையும்.

இரண்டாவது வழி, 1997-இல் கார்வெட் காருடன் அறிமுகமான ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை எஞ்சின்களால் பரவலானது. அதன் முதல் வடிவம் அலுமினியக் கட்டமைப்பும் 5.7 லிட்டர் கொள்ளளவும் கொண்டு 345 குதிரைத்திறனை அளித்தது. இது நிகரத் திறன் என்பது கவனிக்கத்தக்கது. பழைய 8.2 லிட்டர் வார்ப்பிரும்பு எஞ்சினைவிட இதன் எடை வெகுவாகக் குறைவு. முன்பக்கப் பாரம் குறைவதால் காரின் திரும்பும் தன்மையும் பிரேக் பிடிக்கும் தன்மையும் மேம்படுகின்றன.

இழப்பும் இல்லாமல் இல்லை. பழைய எஞ்சினின் சத்தமற்ற, நிதானமான இழுவைதான் அக்காரின் குணம் என்று கருதுவோர் இம்மாற்றத்தை ஏற்பதில்லை. எஞ்சினைத் தாங்கும் இடம், எண்ணெய்த் தொட்டியின் வடிவம், எரிபொருள் பம்ப், மின் கம்பிகள், புகைபோக்கி என ஒன்றை மாற்றினால் ஒன்பதை மாற்ற வேண்டியும் வருகிறது.

கியர்பாக்ஸ்: குறைந்த செலவில் கூடுதல் பலன்

கேடிலாக், பியூக் கார்களில் 1964-இல் அறிமுகமான டர்போ ஹைட்ராமேட்டிக் தானியங்கி கியர்பாக்ஸ் உறுதிக்குப் பெயர்பெற்றது. ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனமே தனது சில்வர் ஷேடோ காருக்கு அதை வாங்கிப் பயன்படுத்தியது. அதன் குறை, மூன்று கியர்கள் மட்டுமே இருப்பது. நெடுஞ்சாலையில் எஞ்சினின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவ் அதில் இல்லை.

இதற்குத் தீர்வாக, பின்னாளில் வந்த நான்கு கியர் தானியங்கி அமைப்புகள் பொருத்தப்படுகின்றன. 0.70 விகிதம் கொண்ட ஓவர்டிரைவ் என்றால், அதே வேகத்தில் எஞ்சின் சுழற்சி 30 சதவீதம் குறைகிறது. சத்தமும் எரிபொருள் செலவும் குறைகின்றன. அத்துடன், பின் அச்சின் டிஃபரன்ஷியல் பல்சக்கர விகிதத்தை உயர்த்தி, புறப்படும் வேகத்தையும் கூட்டிக்கொள்ள முடிகிறது. எஞ்சினைத் தொடாமலேயே கார் சுறுசுறுப்படைவதற்கு இது ஏற்ற வழி.

சட்டகமும் சஸ்பென்ஷனும்

இக்கார்களில் பெரும்பாலானவை தனிச் சட்டகத்தின் மீது உடலைப் பொருத்தி உருவாக்கப்பட்டவை. 1957 முதல் 1964 வரையிலான கேடிலாக் கார்களின் சட்டகம் ஆங்கில எக்ஸ் எழுத்தைப் போன்றது. காரைத் தாழ்வாக வடிவமைக்க அது உதவியது. ஆனால், பக்கவாட்டுத் தண்டுகள் இல்லாததால் பக்கவாட்டு மோதலில் பாதுகாப்பு குறைவு.

கனமான பழைய கார் மோதலில் தாங்கும் என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2009-இல் தனது 50-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, அதே எக்ஸ் வடிவச் சட்டகம் கொண்ட 1959-ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏர் காரையும் 2009-ஆம் ஆண்டு செவர்லே மாலிபு காரையும் நேருக்கு நேர் மோதச் செய்தது. பழைய காரின் பயணிகள் அறை உள்நோக்கி நொறுங்கியது. புதிய காரின் அறை குலையாமல் நின்றது. ஸ்டீயரிங் தண்டு ஓட்டுநரின் மார்பை நோக்கி வருவதைத் தடுக்கும் மடங்கு தண்டு 1960-களின் பிற்பகுதியில்தான் பரவலானது. எனவே, பழைய காரின் எஞ்சினுக்கு இரு மடங்கு வலு சேர்ப்பவர், அதன் கூட்டுக்கு அந்த அளவு பாதுகாப்பைச் சேர்க்க இயலாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சஸ்பென்ஷனைப் பொறுத்தவரை ஒரு வரலாற்று முரண் உண்டு. 1957-இல் எல்டோராடோ பிராம் காரில் கேடிலாக் காற்று சஸ்பென்ஷனைப் பொருத்தியது. அது அடிக்கடி கசிந்ததால் உரிமையாளர்கள் பலர் அதை அகற்றிவிட்டுச் சாதாரண சுருள் ஸ்பிரிங்கைப் பொருத்தினர். இன்றோ, சுருள் ஸ்பிரிங் உள்ள கார்களிலிருந்து அதை அகற்றிவிட்டு நவீன காற்றுப் பைகளைப் பொருத்துகின்றனர்.

தாழ்த்தப்பட்ட கார்களும் ஒரு சமூகத்தின் அடையாளமும்

மாற்றியமைப்பு என்பது வேகத்தை மட்டும் குறிப்பதன்று. கலிஃபோர்னியாவின் மெக்சிகோ வம்சாவளி மக்களிடையே இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வளர்ந்த 'லோரைடர்' மரபு, பெரிய கார்களைத் தாழ்த்தி, வண்ணம் தீட்டி, மெதுவாக ஓட்டுவதையே கலையாக்கியது.

1958-இல் அம்மாநிலம் இயற்றிய சட்டம், காரின் எந்தப் பகுதியும் சக்கரத்தின் உலோக வளையத்தைவிடத் தாழ்வாக இருப்பதைத் தடைசெய்தது. இதற்கு மாற்றாக, பொத்தானை அழுத்தினால் காரை உயர்த்தவும் தாழ்த்தவும் உதவும் ஹைட்ராலிக் பம்புகளை இளைஞர்கள் பொருத்தினர். காவலர் வந்தால் கார் உயரும், சென்றதும் தாழும். பல நகரங்களில் இத்தகைய கார்களின் உலாவுக்கே தடை விதிக்கப்பட்டது. அத்தடைகள் தங்கள் சமூகத்தைக் குறிவைப்பதாக நீண்டகாலமாகக் குறை கூறப்பட்டது. 2023 அக்டோபரில் கையெழுத்தான புதிய சட்டம், 2024 ஜனவரி 1 முதல் உலாத் தடைகளையும் தாழ்த்துதல் மீதான தடையையும் நீக்கியது.

ஹைட்ராலிக் பம்புகளும் அவற்றை இயக்கும் பேட்டரிகளும் சேர்ந்து காரின் எடையை வெகுவாகக் கூட்டுகின்றன. சட்டகத்தை எஃகுத் தகடுகளால் வலுப்படுத்தாமல் இவற்றைப் பொருத்தினால் சட்டகம் வளையக்கூடும். டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் வேறொரு மரபு உருவானது. அங்குள்ள கறுப்பின மக்களிடையே, 1983, 1984-ஆம் ஆண்டு கேடிலாக் கார்களின் கம்பிச் சக்கரங்களும், அவற்றைப் பின்பற்றிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்யப்பட்ட சக்கரங்களும் பெருமைக்குரிய அடையாளமாக விளங்குகின்றன.

பெயர்பெற்ற சில மாற்றங்கள்

அமெரிக்கத் தொலைக்காட்சிக் கலைஞர் ஜே லெனோ 1972 முதல் வைத்திருக்கும் 1955-ஆம் ஆண்டு பியூக் ரோட்மாஸ்டர் இதற்கு எடுத்துக்காட்டு. தொழிற்சாலையில் 236 குதிரைத்திறனுடன் வந்த அக்காரில் பின்னர் 572 கன அங்குல, 620 குதிரைத்திறன் எஞ்சின் பொருத்தப்பட்டது. அதற்கேற்ப கார்வெட் காரின் முன்பக்க சஸ்பென்ஷனும் சேர்க்கப்பட்டது. வெளித்தோற்றம் ஏறத்தாழ மாறவில்லை.

ராக் இசைக் கலைஞர் பில்லி கிப்பன்ஸுக்காக 1989-இல் பாய்ட் காடிங்டன் பட்டறையில் உருவான 'கேட்ஸில்லா' இதற்கு நேர் எதிரானது. 1948-ஆம் ஆண்டு கேடிலாக்கை அடிப்படையாகக் கொண்டு அதன் உருவமே மாற்றப்பட்டது. உள்ளே பொருத்தப்பட்டது கேடிலாக்கின் 500 கன அங்குல எஞ்சின்.

மாற்றியமைக்கப்பட்ட சொகுசு கார்களில் வரலாற்றில் மறக்க முடியாதது, 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் அதிபர் ஜான் எஃப். கென்னடி சுடப்பட்டபோது பயணித்த லிங்கன் கான்டினென்டல். சின்சினாட்டி நகரின் ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் நிறுவனம் அதை நீட்டித்து வடிவமைத்திருந்தது. படுகொலைக்குப் பின் அக்காருக்கு நிரந்தரக் கூரையும் கவசமும் பொருத்தப்பட்டன. கூடிய எடைக்கு ஏற்ப எஞ்சினும் மேம்படுத்தப்பட்டது. 1977 வரை பணியில் இருந்த அது, தற்போது டியர்பார்ன் நகரின் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் உள்ளது.

கடைசித் தலைமுறை: 1994–1996

பின்சக்கர இழுவையும் தனிச் சட்டகமும் கொண்ட ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய கார்களின் கடைசி அத்தியாயம் 1994 முதல் 1996 வரை. கேடிலாக் ஃப்ளீட்வுட், பியூக் ரோட்மாஸ்டர், செவர்லே இம்பாலா எஸ்எஸ் ஆகிய மூன்றும் 5.7 லிட்டர் எல்டி-1 எஞ்சினைப் பகிர்ந்துகொண்டன. வலு 260 குதிரைத்திறன். இம்பாலா எஸ்எஸ் காவல்துறைக் கார்களின் சஸ்பென்ஷனையும் நான்கு சக்கர டிஸ்க் பிரேக்கையும் பெற்றிருந்தது.

எஞ்சினும் கியர்பாக்ஸும் கணினியால் கட்டுப்படுத்தப்பட்டதால் மாற்றியமைப்பு முறையும் மாறியது. கணினி நிரலைத் திருத்துவது, டிஃபரன்ஷியல் விகிதத்தை மாற்றுவது ஆகியவை முதற்படிகளாயின. இந்த எஞ்சினை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டிய பலவீனம் ஒன்று உண்டு. பொறி வழங்கும் டிஸ்ட்ரிபியூட்டர் தண்ணீர் பம்புக்குக் கீழே அமைந்துள்ளது. பம்ப் கசிந்தால் தண்ணீர் அதன்மீது விழுந்து எஞ்சின் திணறத் தொடங்கும். எனவே, பம்பை மாற்றும்போதே டிஸ்ட்ரிபியூட்டரையும் சோதிப்பது வழக்கம்.

இக்கார்களைத் தயாரித்த டெக்சாஸின் ஆர்லிங்டன் ஆலை, 1996-க்குப் பின் பெரிய எஸ்யூவி வாகனங்களின் தயாரிப்புக்கு மாறியது.

அன்றாட ஓட்டத்துக்கான சிறு மாற்றங்கள்

பெரும்பாலான உரிமையாளர்கள் பந்தய வேகத்தைத் தேடுவதில்லை. காலையில் சாவியைத் திருப்பினால் கார் கிளம்ப வேண்டும் என்பதே அவர்கள் எதிர்பார்ப்பு. பிளாட்டினம் பாயிண்ட்டுக்குப் பதிலாக மின்னணு இக்னிஷன் பொருத்துவது அதற்கு உதவுகிறது. ஈயம் கலந்த பெட்ரோலை நம்பி உருவாக்கப்பட்ட எஞ்சின்களில், கடினப்படுத்தப்பட்ட வால்வு இருக்கைகள் பொருத்தப்படுகின்றன. பழைய ஏசி அமைப்புகளில் பயன்பட்ட ஆர்-12 குளிர்வாயுவின் உற்பத்தி, ஓசோன் படலப் பாதுகாப்புக்காக 1995 இறுதியில் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டதால் அவையும் மாற்றப்படுகின்றன.

எத்தனால் கலந்த பெட்ரோல் மற்றொரு சவால். அது பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் சவ்வுகளையும் அரிக்கும். சூடான எஞ்சின்மீது பெட்ரோல் கசிந்தால் தீவிபத்து நேரும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனையாகும் இந்தியாவில் பழைய கார் வைத்திருப்போருக்கும் இது பொருந்தும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளை அகற்றுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கலிஃபோர்னியாவில் 1975-ஆம் ஆண்டு மாடல் வரையிலான பெட்ரோல் கார்களுக்குப் புகைப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு. அதற்குப் பிந்தைய கார்களில் அம்மாநிலக் காற்றுவள வாரியத்தின் ஒப்புதல் பெற்ற பாகங்களையே பொருத்த முடியும்.

இந்தியாவில் நிலைமை இன்னும் கண்டிப்பானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள, உற்பத்தியாளர் நிர்ணயித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்க முடியாது. இதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பில் உறுதிசெய்தது. அனுமதியின்றி மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

மும்பையில் 1928 முதல் 1954 வரை செயல்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, கிறைஸ்லருடன் இணைந்து கார் தயாரித்த பிரீமியர் நிறுவனம், சமஸ்தான மன்னர்களின் இறக்குமதி ஆகியவற்றின் வழியாக அமெரிக்கக் கார்கள் இந்தியாவுக்கும் வந்தன. இத்தகைய கார்களுக்காக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் தனி விதிகளை வெளியிட்டது. அவற்றின் முக்கிய அம்சங்கள்:

• முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வாகனமே 'விண்டேஜ்' எனக் கருதப்படும்
• சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருந்தால் அத்தகுதி கிடைக்காது
• புதிய பதிவுக்கு ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000 கட்டணம்
• கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். வணிகப் பயன்பாடு கூடாது

அதாவது, அமெரிக்காவில் ஒரு வார இறுதிப் பொழுதுபோக்காக இருக்கும் எஞ்சின் மாற்றம், இந்தியாவில் காரின் விண்டேஜ் தகுதியையே பறித்துவிடும். மேலும், இடப்பக்க ஸ்டீயரிங் கொண்ட வாகனத்தில் இயங்கும் நிலையிலான சமிக்ஞைக் கருவி இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 120-ஆவது பிரிவு கூறுகிறது.

அசலா, மாற்றமா?

அசல் நிலையில் எஞ்சியுள்ள ஒரு கார், தன் காலத்தின் தொழில்நுட்ப ஆவணமாகும். சட்டகத்தை வெட்டியபின் அந்த ஆவணத்தை மீட்க இயலாது. மறுபுறம், அசல் டிரம் பிரேக்குடன் இன்றைய போக்குவரத்தில் ஓட்டுவது, ஓட்டுநருக்கு மட்டுமன்றிச் சாலையில் செல்லும் மற்றவர்களுக்கும் ஆபத்து.

இவ்விரண்டுக்கும் இடையே பாதுகாவலர்கள் பரிந்துரைக்கும் வழி, மீட்கக்கூடிய மாற்றம். துளையிடாமல், வெட்டாமல், ஏற்கெனவே உள்ள துளைகளில் திருகிப் பொருத்தும் பாகங்களைத் தேர்வு செய்வது. கழற்றிய அசல் பாகங்களைப் பெயரிட்டுப் பத்திரப்படுத்துவது. எந்தத் தேதியில் எது மாற்றப்பட்டது என்பதைப் புகைப்படத்துடன் பதிவு செய்வது. அடுத்து அக்காரை வாங்குபவர், விரும்பினால் அதை மீண்டும் பழைய நிலைக்கே கொண்டுவர இவை வழிவகுக்கும்.